வீடற்றோரிடம் கற்றல்: சமூகப்பணிக் கல்வி எதிர்கொள்ளும் ஓர் அறவினா

1987ஆம் ஆண்டினை வீடற்றோருக்கு உறைவிடமளிக்கும் சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனஞ் செய்திருந்தது. அவ்வாறு ஓர் ஆண்டு ஒதுக்கப்படுதல் வேண்டுமென 1980இல் அச்சபையில் முன்மொழிந்தவர் அந்நாளைய இலங்கைப் பிரதமர் ஆர். பிரேமதாசா. அதே 1987இன் மே, யூன் மாதங்களில் வடமராட்சியிலும், ஒக்ரோபரில் யாழ்ப்பாண நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மக்கள் வீடுகளை விட்டுக் கோயில்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சம் புகுந்தனர். உறைவிட ஆண்டின் கணக்கில் இவர்கள் எந்த நிரலில் இடம்பெறுவர்? ஓலைக் குடிசையிலே வாழ்பவனுக்கு முறையான வீடில்லை எனப் புள்ளிவிபரம் கூறும். கல்வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு கோயில் மண்டபத்தில் படுத்திருப்பவனுக்கு வீடு உண்டு எனவும் அதுவே கூறும். இவ்விருவருள் வீடற்றவர் யார் என்ற வினாவுக்கு விடை அவரவர் கையில் உள்ள படிவத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இது சொற்பொருள் பற்றிய வெறும் வாதமன்று. சமூகப்பணி பயிலும் மாணவர் ஒருவரைக் கையில் வினாக்கொத்தோடு ஓர் ஊருக்கு அனுப்பும் ஆசிரியர், 'வீடற்றோர்' என்னும் சொல்லுக்கு ஒரு பொருளை முன்னரே தீர்மானித்துக்கொண்டே அனுப்புகிறார். அதற்கும் மேலாக, இன்னொருவரின் இழப்பைத் தம் மாணவரின் கல்விக்குப் பாடநூலாக்குகிறார். அவ்வாறு செய்வதற்கு நமக்குள்ள உரிமை யாது? இக்கட்டுரை ஆராய முற்படுவது இதனையே. பொதுப்படப் பேசுதலைத் தவிர்த்து, வன்னிப் பெருநிலப்பரப்பை, அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை, முன்னிறுத்தியே இவ்வினாவை அணுக விரும்புகிறேன். வீட்டை இழத்தல் என்பது எத்தனை வகைப்படும் என அறிய விரும்புவோர்க்கு இதனினும் பொருத்தமான இடம் நம் நாட்டில் இல்லையெனலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். களத்துக்குச் செல்லாது சமூகப்பணியைக் கற்பிக்க முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்ற நம்மவர் கூற்று இத்துறைக்குப் பொருந்துவதுபோற் பிறிதொரு துறைக்கும் பொருந்தாது. பம்பாயிலே 1936இல் தொடங்கப்பெற்று இன்று டாட்டா நிறுவகம் என அறியப்படும் பள்ளியும், சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் நிறுவிய பள்ளியும் களப்பயிற்சியைப் பாடத்திட்டத்தின் முதுகெலும்பாகக் கொண்டன. இலங்கையிலும் முறைசார்ந்த சமூகப்பணிப் பயிற்சி அதே 1952இலேயே ஆரம்பமாயிற்று. அதன் வழிவந்ததே 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். அண்மைக்காலத்தில் களப்பயிற்சியோடு 'சமுதாயஞ்சார் ஆய்வு' என்னும் முறையும் இணைக்கப்பட்டுள்ளது. மாணவர் ஒரு சமுதாயத்தோடு கூடிநின்று அதன் பிரச்சினையை ஆராய்ந்து, ஆராயும் முறையிலேயே தொழிலையும் கற்கிறார். கல்வியியல் நோக்கில் இதற்கு மறுப்புக் கூறுதல் அரிது. அறவியல் நோக்கிலே அத்தனை எளிதாக இதனை ஏற்றுக்கொள்ள இயலுமா என்பதே பிரச்சினை.

1895ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, வன்னியில் ஆட்சி அலுவலராகப் பணிபுரிந்த ஜே. பி. லூயிஸ் எழுதி கொழும்பில் வெளியான வன்னி மாவட்டங்களின் கைந்நூல். வன்னியின் குளங்கள், ஊர்கள், குடிசனம், நோய், வழக்காறுகள் ஆகிய யாவற்றையும் ஓர் ஆட்சியாளனின் பொறுமையுடன் அது பதிவுசெய்கிறது. இன்றும் வன்னி வரலாற்றை எழுதப் புகுவோர் அதனைத் தவிர்த்துச் செல்ல முடியாது. மற்றது, ஜேன் அடம்ஸ் 1889இல் சிக்காகோ நகரின் குடியேறிய தொழிலாளர் பகுதியில் நிறுவிய ஹல் இல்லத்தின் உறுப்பினர்கள் வெளியிட்ட வரைபடங்களும் கட்டுரைகளும். அயற்புறத்து வீடுகள் ஒவ்வொன்றிலும் யார் வாழ்கின்றனர், எந்நாட்டிலிருந்து வந்தவர், வாரக் கூலி எவ்வளவு என்பவற்றை நிறந்தீட்டி அவ்வரைபடங்கள் காட்டின.

இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு ஆய்வின் நுட்பத்தில் இல்லை. நுட்பத்தில் லூயிஸ் எவ்விதத்திலும் குறைந்தவரல்லர். வேறுபாடு எழுதியவர் இருந்த இடத்தில் உள்ளது. லூயிசின் நூல் ஆளப்படுவோரைப் பற்றி ஆள்வோருக்காக எழுதப்பட்டது. ஹல் இல்லத்தவர்கள் தாம் எண்ணிய மக்களின் அடுத்த வீட்டில் வாழ்ந்தனர். ஆயினும் அங்கும் ஓர் உறுத்தல் இருந்தது. ஏழைகளின் வாழ்வை இவ்வளவு நுணுகித் துருவுதலும், இத்தனை அந்தரங்கமான கேள்விகளைக் கேட்பதும் மன்னிக்கத்தக்கன அல்ல எனவும், பொதுமக்களின் மனச்சாட்சி விழிப்புற்று இவர்களின் வாழ்நிலையை மாற்றும் என்ற நம்பிக்கை ஒன்றே அதனை நியாயப்படுத்துகிறது எனவும் பொருள்படும்படி அந்நூலிலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. ஆய்வறம் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்ட தடித்த கைந்நூல்கள் பலவற்றினும் நேர்மையான கூற்று இது.

ஆனால் அந்த நேர்மையான கூற்றிலேயே சிக்கலும் உண்டு. மனச்சாட்சி விழித்துக்கொள்ளாவிடின்? கேட்ட கேள்விகள் யாவும் பின்னோக்கி மன்னிக்க முடியாதனவாகிவிடுமா? ஆய்வின் நியாயத்தை அதன் விளைவில் வைத்தால், அவ்விளைவு ஆய்வாளரின் கையில் இல்லாதபோது, அவர் தம் நேர்மையைப் பிறரிடம் அடகு வைத்தவராகிறார். அரசு வீடு கட்டித் தந்தால் மாணவர் கேட்டது நற்செயல், தராவிடில் அது தீச்செயல் என்பது அறிவுக்கு ஒவ்வாத முடிவு. ஆகவே ஆய்வின் நியாயத்தை விளைவுக்கு முன்னே, கேட்கும் முறையிலேயே தேட வேண்டியுள்ளது. வன்னியின் அனுபவம் நம்மை இம்முடிவை நோக்கியே தள்ளுகிறது.

வன்னி மக்கள் கேள்விகளுக்குப் பழக்கப்பட்டவர்கள். 1995 ஒக்ரோபரின் இறுதியில் வலிகாமத்திலிருந்து வெளியேறிய பல இலட்சம் மக்களுள் ஒரு பெரும் பகுதியினர் கிளாலி கடந்து வன்னியை அடைந்தபோது அவர்கள் பதியப்பட்டனர். 1996இல் கிளிநொச்சியை விட்டு அகன்றபோது மீண்டும் பதியப்பட்டனர். இந்தியாவிலிருந்து திரும்பி வந்தோரும் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோரும் வவுனியாவின் சிதம்பரபுரம், பூந்தோட்டம் முதலிய நலன்புரி நிலையங்களில் பதியப்பட்டனர். 'தற்காலிகம்' என்ற சொல்லின்கீழ் ஒரு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தது. 2009 சனவரி 2இல் கிளிநொச்சியும் அம்மாதம் 25இல் முல்லைத்தீவும் இராணுவத்தின் வசமாயின. மே மாதத்தில் போர் முடிவுற்றபோது ஏறத்தாழ 2,80,000 பேர் முகாம்களுக்குள் இருந்தனர். அவர்களுட் பெரும்பான்மையினர் செட்டிகுளத்தை அடுத்த மெனிக்பாமில் கம்பிவேலிக்குள் வைக்கப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் வரை அவர்கள் வெளியே நடமாடும் சுதந்திரமும் அற்றிருந்தனர். அம்முகாமின் பிரிவுகளுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் எனப் பெயரிட்டிருந்தனர். கைவினைஞன் தன் கையாற் படைத்த பொருளின் அழகைப் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதிய குமாரசுவாமியின் பெயர், எவராலும் தம் கையால் ஒரு கூரையைத்தானும் மாற்றியமைக்க முடியாத தறப்பாள் வரிசைக்குச் சூட்டப்பட்டமையை வரலாற்றின் கேலி என்பதா, பெயரிட்டவரின் அறியாமை என்பதா?

அம்முகாமில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே பெயர் எழுதியது. பங்கீட்டுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, காணாமற் போனோருக்கு ஒன்று, மீள்குடியேற்றத்துக்கு ஒன்று. கோப்புடன் வருபவர் எதையோ தர வருபவர் அல்லது எதையோ பறிக்க வருபவர் என்ற இரண்டே வகையினர் எனும் அறிவு மக்களிடத்தே நிலைபெற்றது. இந்த அறிவைச் சுமந்திருக்கும் ஒரு முற்றத்துக்குள் நம் மாணவர் நுழைகிறார். 'நான் மாணவன், கற்க வந்தேன்' என அவர் கூறலாம். கேட்பவர் அதனை நம்பக் காரணமில்லை. பெயர் விடுபட்டால் வரவிருப்பதும் விடுபட்டுவிடுமோ என்ற அச்சத்தினால் அவர் விடையளிக்கிறார். இதனைச் 'சுயவிருப்பிலான சம்மதம்' எனப் படிவத்தில் ஒப்பமிட வைப்பது சட்டத்துக்குப் போதுமாயிருக்கலாம், அறத்துக்குப் போதாது. எந்த மனிதரையும் வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்ற கான்ற்றின் கோட்பாட்டை முதலாண்டில் மனனஞ் செய்யும் மாணவர், மூன்றாமாண்டில் அதன் முழுக் கனத்தையும் இம்முற்றத்திலேதான் உணர்கிறார்.

இனி, எதனைக் கேட்பது என்ற பிரச்சினைக்கு வருவோம். மேலைநாட்டுப் பாடநூல்களில் வீடற்றவர் என்பவர் பெரும்பாலும் நகரத் தெருவிற் படுப்பவர். வன்னியில் அத்தகையோர் சிலரே. உறவு முறை அவர்களை உள்வாங்கிக்கொள்கிறது. தமக்கையின் வீட்டுத் திண்ணையிலோ ஒன்றுவிட்ட சகோதரனின் காணி மூலையிலோ ஒரு தகரக் கொட்டிலில் வீடற்றவர் மறைந்திருப்பார். 'இவ்வீட்டில் வாழ்வோர் எத்தனை பேர்?' எனக் கேட்கும் மாணவர் அவர்களையும் வீடுடையோராக எண்ணிவிடுவார். கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'சண்டை பிடித்தால் இங்கிருந்து வெளியேற வேண்டியவர் யார்?' இக்கேள்வியை எந்தப் பாடநூலும் கற்பிக்காது. அவ்வாறு வெளியேறிய ஒருவரே கற்பிக்க வல்லவர்.

கேப்பாபுலவு மக்களின் நிலை இதனினும் சிக்கலானது. மெனிக்பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டபோது இறுதியாக வெளியேற்றப்பட்டோருள் இவர்களும் அடங்குவர். சொந்த ஊர் இராணுவத்தின் வசமிருந்தமையால் அயலிலே சீனியாமோட்டையில் இருத்தப்பட்டனர். பின்னர் அங்கே அவர்களுக்கு வீடுகளும் அமைந்தன. மாதிரிக் கிராமம் என்ற பெயரும் கிடைத்தது. எந்தக் குடிசன மதிப்பீட்டின்படியும் அவர்கள் வீடுடையோர். ஆயினும் 2017 மார்ச்சில் அவர்கள் அவ்வீடுகளை விட்டு, தம் பழைய காணிகளை மறைத்து நின்ற படைமுகாமின் எதிரே வீதியோரக் கொட்டகையில் அமர்ந்தனர். அவ்வாண்டின் இறுதியில் ஒரு பகுதிக் காணி விடுவிக்கப்பட்டது. ஓட்டு வீட்டிலிருந்தபோது வீடற்றவராயும், வீதியோரக் கொட்டகையில் தம் ஊருக்கு அண்மையராயும் தம்மைக் கருதிய மக்களின் தருக்கத்தை நாம் விளங்கிக்கொள்ளாவிடின், 'வீடு' என்ற நம் சொல்லையே விளங்கிக்கொள்ளவில்லை என்றுதான் கூற வேண்டும். அவர்கள் கேட்டது சுவரையும் கூரையையும் அன்று. கிணறும் தென்னையும் கோயிலும் கடலுக்குச் செல்லும் பாதையும் சேர்ந்த ஒரு முழுமையையே அவர்கள் வீடென்றனர்.

இதற்கு நேர்மாறான நிலையில் இருப்போரும் வன்னியில் உளர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களினால் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் துரத்தப்பட்டோர் பலர் இங்கே குடியேறினர். வவுனியாவை மையமாகக் கொண்டு காந்தியம் இயக்கத்தை நடத்திய கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அவர்களைக் காடு திருத்திக் குடியமர்த்த உழைத்தனர். 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையிலே இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். சமூகப்பணி வரலாற்றை ஜேன் அடம்சோடு தொடங்கி மேரி றிச்மண்டோடு தொடரும் நம் விரிவுரைக் குறிப்புகளில் இவர்களுக்கு ஒரு பக்கமேனும் ஒதுக்கப்படாதது வியப்புக்குரியது. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் மலையக வழிவந்தோர் பலருக்கு அரை நூற்றாண்டு வாழ்ந்த பின்னரும் காணி உரிமை தீராப் பிரச்சினையாகவே இருந்து வந்துள்ளது. கூரை உண்டு, உறுதி இல்லை. உறுதி இல்லாதபோது வீட்டுத்திட்டத்தில் இடம்பெறுவதும் கடினமாகிறது.

காணிப் பத்திரம் உள்ளவர்களுக்கும் துன்பம் தீர்ந்ததென்றில்லை. வன்னியின் குடியேற்றத் திட்டங்களிற் பெரும்பாலான காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தால் வழங்கப்பட்டவை. பத்திரம் வழமையாகக் கணவன் பெயரில் இருக்கும். பின்னுரித்தாளர் குறிக்கப்படாதவிடத்து ஆண்வழிக்கு முதலிடந்தரும் ஒழுங்கு 2022இன் திருத்தம்வரை நீடித்தது. போரின் இறுதியில் கணவன் காணாமற் போயிருப்பின் மரணச் சான்றிதழ் பெற மனைவி மறுப்பாள். அதனைப் பெறுதல் அவனைத் தானே கொல்வதாகும் என அவள் கருதுகிறாள். 2016இல் காணாமற் போனமையைக் காட்டும் சான்றிதழ் ஒன்று சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. அதனையும் பெற விரும்பாதோர் உளர். 2017 பெப்ரவரி 20ஆந் திகதி முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் வாயிலில் அமர்ந்த தாய்மாருட் பலர் இத்தகையோரே. இங்கே வீட்டுரிமைக்கும் துயரத்துக்கும் ஒரே பத்திரம் என்றாகிவிட்டது. 'உங்கள் கணவரின் நிலை: உயிருடன் / இறந்தவர்' என இரு கட்டங்களை மட்டும் அச்சிட்ட வினாக்கொத்தைக் கொண்டுசெல்லும் மாணவர், தாம் அறியாமலே ஒரு கொடுமையைச் செய்கிறார்.

நாம் எண்ண மறக்கும் இன்னொரு பகுதியினரையும் இவ்விடத்திற் குறிப்பிடாது செல்லல் நேர்மையாகாது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களிலிருந்து சென்றவர்களின் பிள்ளைகள் புத்தளத்திலே வளர்ந்து, பெருகிய குடும்பங்களோடு திரும்ப முற்பட்டபோது 'இவர்களுக்கு இங்கே உண்மையில் வீடு தேவையா?' என்ற வினா எழுப்பப்பட்டது. அவ்வினாவை எழுப்பியோருள் தாமும் இடம்பெயர்ந்து வாடிய தமிழர் இருந்தனர். தன் இழப்பை அறிந்தவன் பிறன் இழப்பையும் அறிவான் என்பது நாம் விரும்பி நம்பும் ஒன்று. அனுபவம் அதனை எப்போதும் உறுதிப்படுத்துவதில்லை. வன்னியில் வீடின்மையை ஆராயும் மாணவர் குழு தன் சொந்தச் சமூகத்தின் முற்றங்களுக்கு மட்டும் சென்று திரும்புமாயின், அதன் தரவு எவ்வளவு நுட்பமானதாயினும் ஆய்வு பழுதுடையதே.

மேற்கூறியவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இல்லாதது எது என்பதைச் சொல்லும் உரிமை இல்லாதவருக்கே உரியது. புறநானூற்றின் 112ஆம் பாட்டு பாரி மகளிர் பெயரில் உள்ளது. பறம்பை இழந்த அவ்விளம் பெண்கள் தம் இழப்பை அளந்த அளவுகோலை அவர்களுக்காகப் பரிந்துபேசிய கபிலராலும் கண்டறிந்திருக்க முடியாது. ஆய்வாளர் கபிலராக இருக்க விரும்புகிறார். அது நல்ல விருப்பமே. ஆயினும் மகளிர் வாய் திறக்கும்போது கபிலர் அமைதியாக இருத்தல் வேண்டும்.

இக்கருத்து புதியதன்று. பிறேசில் நாட்டுக் கல்வியாளர் போலோ பிரெய்ரே ஒடுக்கப்பட்டோர் கல்வியைப் பற்றி 1970ஐ அண்டி எழுதியதும், கொலம்பிய சமூகவியலாளர் ஓர்லண்டோ பால்ஸ் போர்டா முதலானோர் 1977இல் கார்த்தஹேனாவிற் கூடிப் பங்கேற்பாய்வு பற்றி விவாதித்ததும் இத்திசையிலேயே. ஆனால் 'பங்கேற்பு' என்ற சொல்லும் காலப்போக்கிற் படிவத்தின் ஒரு கட்டமாகத் தேய்ந்துவிட்டதை நாம் காண்கிறோம். ஊர்மக்களைப் பொது மண்டபத்தில் அமர்த்தி நிறத் தாள்களில் எழுதவைத்துப் புகைப்படம் எடுத்த பின், எழுதவேண்டிய அறிக்கையை முன்னரே எழுதியபடி அனுப்புவதும் பங்கேற்பு என்றே வழங்கப்படுகிறது. மக்கள் கேள்வியை மாற்ற முடியுமா, மறுக்க முடியுமா, முடிவைத் தம் கையிற் பெற முடியுமா என்ற மூன்றையும் கேட்டுப் பார்த்தால் சொல்லின் உண்மை வெளிப்பட்டுவிடும்.

இங்கு ஓர் எதிர்வாதத்துக்கு இடமுண்டு. மக்களுக்குப் பயன் நிச்சயமில்லாதபோது ஆய்வே கூடாது எனின், எவரும் எதனையும் அறிய முடியாது. அறியாமையினால் விளையும் தீங்கு இதனினும் பெரிதன்றோ? உண்மை. இந்திய வீட்டுத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் உரியவை. 2012 ஒக்ரோபரில் தொடங்கிய பெருங்கட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,50,000 ரூபா கட்டங் கட்டமாக வழங்கப்பட, அவர்களே தம் வீட்டைக் கட்டினர். தம் வீட்டைத் தாமே கட்டுதல் என்ற கொள்கை பாராட்டுக்குரியது. 2016இல் முன்வைக்கப்பட்ட 65,000 இரும்பு வீடுகளின் யோசனையோடு ஒப்பிட்டால் அதன் சிறப்புப் புலப்படும். ஆயினும் பயனாளிகளைத் தெரிவுசெய்யப் புள்ளிமுறை ஒன்று கையாளப்பட்டது. தங்கிவாழ்வோர் கூடிய குடும்பத்துக்குக் கூடிய புள்ளி. கேட்கும்போது நியாயமாகவே தோன்றும். ஆனால் நான்கு பிள்ளைகளையும் போரிலே பறிகொடுத்த ஒரு முதிய தம்பதிக்கு அந்நால்வருக்கும் புள்ளி இல்லை. அதிகம் இழந்தவர் குறைந்த புள்ளி பெற்றார். இக்குறையைச் சுட்டிக்காட்ட ஒருவர் வீடுவீடாகச் சென்றிருக்கவே வேண்டும். ஆகவே ஆய்வு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வேண்டாதது வாக்குறுதி. 'உங்கள் பிரச்சினையை மேலிடத்துக்குத் தெரியப்படுத்துவோம்' என்ற வாக்கியத்தை நம் மாணவர் எவ்வளவு இலகுவாகக் கூறிவிடுகின்றனர்! விடை பெறுவதற்குக் கொடுக்கப்படும் கைக்கூலி அது. அதுவும் கையிலில்லாத பணத்தால் கொடுக்கப்படுவது. படலையிலே நின்று, 'என்னால் வீடு கொண்டுவர முடியாது, என் பரீட்சைக்காக வந்திருக்கிறேன், விரும்பினாற் பேசுங்கள்' எனக் கூறுவதே முறை. அவ்வாறு கூறினாற் கதவு அடைபடும் என அஞ்சுவோர் வன்னியின் விருந்தோம்பலை அறியாதவர். தறப்பாளின் கீழ் இருந்தவர்களும் வந்தவருக்குப் பாயை விரித்து, அயலிற் சீனி கடன் வாங்கித் தேநீர் தந்தவர்கள். இதிலே ஒரு முரண் உண்டு. வீடில்லை எனப் பதியப்படுபவர் அக்கணத்தில் விருந்தளிப்பவராகிறார். விருந்தளிக்க வீடு வேண்டும். தேநீரை ஏற்றுக்கொண்ட மாணவர் விருந்தினராவார். விருந்தினருக்குச் சில கடமைகள் உண்டு. கேட்ட அனைத்தையும் ஊரறியச் சொல்லாதிருத்தல் அவற்றுள் ஒன்று.

நம் மாணவர் எல்லோரும் வெளியிலிருந்து வந்த விருந்தினரல்லர் என்பதையும் நோக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் பிறவிடங்களிலும் இன்று பயில்வோருள், 2003, 2004ஆம் ஆண்டுகளில் வன்னியிற் பிறந்தோர் உளர். 2009இல் அவர்களுக்கு ஐந்தோ ஆறோ வயது. பதுங்குகுழியும் முகாமும் அவர்களின் முதற் பள்ளிக்கூடம். 'ஆய்வாளர் விலகிநின்று நோக்க வேண்டும்' என்ற விதியை அவர்களுக்கு எவ்வாறு கற்பிப்பது? விலகிநிற்கும்படி வற்புறுத்தினால் தம் வாழ்வையே அந்நியப் பொருளாக்கும்படி கேட்கிறோம். விலகாதே எனின், தகவலாளியின் கதைமீது தம் கதையை ஏற்றிவிடும் ஆபத்து உண்டு. 'எனக்கும் அப்படித்தான்' என்ற சொல் பல வேளைகளில் எதிரிலிருப்பவரின் வாயை அடைத்துவிடுகிறது. இதற்குப் பொதுவிதி எதுவும் என்னிடமில்லை. அத்தகைய மாணவர் விரும்பாத களத்துக்கு அவரை அனுப்பலாகாது என்பதையும், விரும்பிச் செல்பவர் திரும்பி வந்தபின் பேசுவதற்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பதையும் மட்டும் உறுதியாகக் கூறுவேன்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. வன்னியிலே தமிழிற் கேட்டவை ஆங்கிலத்தில் ஆய்வேடாகி நூலகத்தின் அலுமாரியை அடைகின்றன. வெளிநாட்டுச் சஞ்சிகையில் அவை வெளிவரின் பெருமையே. ஆனால் சொன்னவர் வாசிக்க முடியாத மொழியில் அவரைப் பற்றி எழுதுவது, அவர் முன்னிலையில் அவரைப் பற்றிப் பிறருடன் இரகசியம் பேசுவதை ஒத்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அதன் சாரம் தமிழில் அவ்வூரின் பொதுநோக்கு மண்டபத்தில் வாசிக்கப்பட வேண்டும். தவறு என அவர்கள் கூறுவது திருத்தப்படவோ, திருத்தப்படாதவிடத்து அவர்களின் மறுப்பு உடன் அச்சிடப்படவோ வேண்டும். மாணவர் வரைந்த காணி வரைபடத்தின் பிரதி ஒன்று பிரதேச செயலகத்துக்கு அவர்கள் கொண்டுசெல்லக்கூடிய வகையில் அவர்களின் கையிலேயே இருக்க வேண்டும். ஹல் இல்லத்தின் வரைபடத்துக்கும் லூயிசின் கைந்நூலுக்கும் இடையே நாம் எங்கே நிற்கிறோம் என்பது இப்பிரதி எவரிடம் உள்ளது என்பதைக் கொண்டே தெரியவரும்.

இறுதியாக, பரீட்சகர்களாகிய நம்மைப் பற்றியது. ஒரு மாணவி முள்ளியவளைப் பக்கத்து ஊரொன்றிற்குச் செல்கிறாள் எனக் கொள்வோம். தனித்து வாழும் ஒரு மூதாட்டியிடம் வினாக்கொத்தைத் தொடங்குகிறாள். 'பிள்ளைகள் எத்தனை பேர்?' என்ற மூன்றாவது கேள்வியில் மூதாட்டி மௌனமாகிறாள். மாணவி தாள்களை மடித்து வைத்துவிட்டு, மூதாட்டி பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தந்த செயலகக் கடிதத்தை அவளுக்கு வாசித்து விளக்குகிறாள். மறுநாள் அவளோடு பேருந்தில் ஏறி அலுவலக வரிசையில் நின்று, வெறுங்கட்டங்களுடன் திரும்புகிறாள். நடப்பு விதிகளின்படி 'தரவு போதாது' எனப் புள்ளி குறைக்கப்படும். வீட்டுத்திட்டத்தின் புள்ளிமுறையைக் குறைகூறும் நாம், நம் புள்ளிமுறையிலும் அதே தவறைச் செய்கிறோம். எங்கே நிறுத்தினாள், ஏன் நிறுத்தினாள், வரிசையில் நின்றபோது எதனைக் கண்டாள் என இரண்டு பக்கங்கள் எழுதும்படி அவளைக் கேட்டு, அவற்றுக்குத் தாராளமாகப் புள்ளி வழங்குவேன். சோம்பலினால் வினாக்கொத்தை நிரப்பாதவரும் இதே காரணத்தைக் கூறக்கூடும் எனச் சக விரிவுரையாளர்கள் எச்சரிப்பர். கூறக்கூடும்தான். இருவரையும் பிரித்தறிய வேண்டுமாயின் மேற்பார்வையாளரும் ஒருமுறை அம்மூதாட்டியின் படலைவரை சென்று வரவேண்டும். அதற்கான ஒரு நாளும் பேருந்துச் செலவும் பாடத்திட்டத்திலே முதலில் ஒதுக்கப்பட வேண்டியவை.